யார் கண்ணுக்கு எந்த நிறம்?

பெயின்ட் கடையில் நிறம் கலக்குவதை ஐஸ்கிரீம் கலக்குவது மாதிரி சொகுசான வேலை என்று நினைக்கிறவர்கள், மாத்தளை டவுனில் எங்கள் கவுண்டருக்குப் பின்னால் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்க வேண்டும். துணிக்கடையிலோ தையல் கடையிலோ நின்று, "இது நான் கேட்ட நிறமே இல்ல" என்று திட்டு வாங்கியவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

கடைக்குள் ஒன்று, வெயிலில் ஒன்று

உக்குவளை ரிஸ்வான் நானாவின் வீட்டில் மகளுக்கு மறுநாள் நிக்காஹ். முன்சுவரில் பாதி பழைய பெயின்ட், பாதிக்கு நான் கலந்து கொடுத்தது. அவர் கொண்டுவந்த பழைய சுவர்த் துண்டோடு கடை விளக்கின் கீழே வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். துளி வித்தியாசம் இல்லை. இப்போது கண் சிவக்க வந்து, அந்தத் துண்டையும் மிச்ச பெயின்ட்டையும் ரோட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினார். வெயிலில் என்னுடையது அப்பட்டமாக ரோஸ் அடித்தது.

இரண்டு பெயின்ட்டிலும் இருக்கும் சாயங்கள் வேறு. கடை விளக்கின் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். வெயிலில் இருக்கும் வெளிச்சக் கலவையே வேறு என்பதால், அங்கே சாயம் தன் குணத்தைக் காட்டிவிடும். மறுபடி பூசிக் காயவைக்க நேரம் கிடையாது. "நானா, வீட்டு முன்னுக்கு என்ன லைட் போடுறீங்க?" என்று கேட்டேன். எங்கள் கடையில் எரிகிற அதே வகை பல்ப்தானாம், எங்களிடமே வாங்கியது. வீட்டுக்குப் போய், கதவு ஜன்னலை மூடி அந்த பல்பின் கீழே இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். "அப்ப மாப்புள வீட்டாக்கள மஃரிப் தொழுதுட்டு, இருட்டின பொறகு வரச் சொல்றேன் புள்ள. மழ வந்தாலும் பரவாயில்ல, வெயில் மட்டும் வரப்படாது."

இரண்டு வெள்ளை

ராஜேஸ்வரி டீச்சருக்கு வலது கண்ணில் வெண்புரை எடுத்து சில நாள்தான் ஆகியிருந்தது. அடுத்தது இடது கண். கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் வந்தவர் அழுதுவிட்டார். "வெள்ளைதானே வாங்கினோம்? சுவரெல்லாம் ஒருநேரம் நீலமாத் தெரியுது, ஒருநேரம் மஞ்சளாத் தெரியுது. கண்ணக் கெடுத்துட்டாங்கம்மா. மத்தக் கண்ண நான் குடுக்க மாட்டேன்."

பழி பெயின்ட்டில் விழுந்தால் தாங்கலாம், கண்ணில் விழுந்தால்? ஒரு வெள்ளை அட்டையைக் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னேன். இடது கண்ணுக்கு அது மஞ்சள், வலது கண்ணுக்கு நீலம் கலந்த வெள்ளை. வயதாக ஆக, கண்ணில் இருக்கும் வில்லை மெல்ல மஞ்சளாகி, நீல ஒளியைக் குறைத்துத்தான் உள்ளே விடும் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். ஆனாலும் நான் டாக்டர் இல்லையே. கடையிலிருந்தே கண் எடுத்த ஆஸ்பத்திரிக்குப் பேச வைத்தேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். புதுக் கண் சரியாகத்தான் பார்க்கிறது. டீச்சர் கண்ணைத் துடைத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு கணவரை மேலும் கீழும் பார்த்தார். "இவரு சட்ட இவ்வளவு வெள்ளையா? இத்தன காலம் ஒழுங்காத் துவைக்கலனு என்னையே திட்டிக்கிட்டு இருந்தேனே!"

பட்டன்

அலுவிகாரைப் பக்கம் ஒரு மிளகு மில்லில் வேலை செய்யும் சிவநேசன் தின்னர் வாங்க வந்தார். முந்தின நாள்தான் சிவப்பும் பச்சையும் வாங்கிப் போயிருந்தார். "புது மெசின் பட்டனுக்கு நான்தான் பூசினேன், பாருங்க அக்கா" என்று போனை நீட்டினார். படத்தில் 'ஸ்டாப்' என்ற எழுத்துக்குக் கீழே பச்சைப் பட்டன். 'ஸ்டார்ட்'டுக்குக் கீழே சிவப்பு.

"இதுல எது சிவப்பு?" என்று கேட்டேன். தயங்காமல் பச்சையைத் தொட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துவிட்டது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த இரண்டும் ஒரே மாதிரி மண்ணிறம்தானாம்; டின்னிலிருந்து கிண்ணத்தில் ஊற்றியதும் எது எதுவென்று மாறிப்போயிருக்கிறது. நிறம் பிரிக்க நம் கண்ணுக்குள் இருக்கிற மூன்று வகை உணர்விகளில் ஒன்று சிலருக்கு ஒழுங்காக வேலை செய்யாது. வேலை போய்விடும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. "இன்னைக்கு செல்வினு ஒரு புள்ள புதுசா வந்திருக்கு. எழுத்துத் தெரியாது. சிவப்ப அமுக்கினா நிக்கும்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார். மில்லுக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. த்ரீவீலரில் ஏறினோம்.

மெசின் நின்றிருந்தது. செல்வி அடைத்திருந்த மிளகை எடுக்க ஒரு கையை மெசின் வாய்க்குள் நீட்டிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மறு கையைச் சிவப்புப் பட்டனுக்குக் கொண்டுபோனாள். "தொடாத!" என்று கத்திக்கொண்டே ஓடி சிவநேசன் மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு அங்கேயே உட்கார்ந்து, மேனேஜர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் செல்வி பேசினாள். "நாளைக்குப் பூசுறப்ப என்னையும் கூப்புடுங்கண்ணே. எழுத்த நீங்க பாருங்க, நெறத்த நான் பாக்குறேன்."

டின்னில் நிறத்தின் பெயரை அச்சடிப்பது கம்பனியின் வேலை, அது எந்த வெளிச்சத்தில் யார் கண்ணில் போய் விழுமோ என்று பயந்து சாவதுதான் எங்கள் வேலை.