சுண்டைக் கன்று மேல் வயிற்றெரிச்சல்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அந்தச் சுண்டையைத்தான் ஹைதராபாத் மேட்சல் சாலை விதைக் கம்பெனி ஏசி அறையில் பாட்டிலுக்குள் வைத்துத் தாலாட்டிக்கொண்டிருந்தது. காரணம் உண்டு. வாடல் நோய் சுண்டை வேரை அண்டாது. அதன் தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டினால் கத்தரியும் தப்பிக்கும்.

திருமுல்கேரியிலிருந்து பஸ் ஏறி வரும் மங்கையர்க்கரசிக்கு அந்தத் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் பத்து வருஷ அனுபவம். வாழை, கரும்பு எல்லாம் அவள் கைபட்டுத் தளிர்த்தவை. சுண்டை மட்டும் வெள்ளைக் கட்டியாகத் திரண்டதே தவிர, வேர் விடுவேனா என்றது. நாகர்கோவிலிலிருந்து நேற்று வந்த ரோஸ்லினுக்கோ பாட்டில் பாட்டிலாக வேர்! புதுப் பசுமைக்குடிலின் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று மேனேஜர் அனந்தராமன் வேறு யோசித்துக்கொண்டிருந்தார். மங்கைக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்தப் பெண் சிரித்தால் எரிச்சல், டப்பாவில் மீன்குழம்பு கொண்டுவந்தால் அதுவும் எரிச்சல்.

ஏப்ரலில் ரோஸ்லின் கன்றுகளை மண்ணில் நட்டு, பாலிதீன் உறை போட்டாள். பாட்டில் ஈரத்தில் வளர்ந்தவற்றுக்கு வெளிக்காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்ட வேண்டும். நாலாம் நாளே மங்கையிடம் வந்து கேட்டாள்.

"அக்கா, உறைய எடுத்துரட்டா? எங்க ஊர்ல இதுக்குள்ள எடுத்திருப்போம்."

நாகர்கோவில் காற்றில் ஈரம் இருக்கும். ஹைதராபாத்தின் ஏப்ரல் காற்றில் ஏது? மங்கைக்கு இது தெரியாதா என்ன, நன்றாகவே தெரியும்.

"உன் இஷ்டம்மா," என்றாள். அதற்கு மேல் வாயில் கொழுக்கட்டை.

சாயங்காலத்துக்குள் அத்தனை கன்றும் தலை தொங்கிவிட்டது. மறுநாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அனந்தராமன் குதி குதியென்று குதித்தார்.

"எதுக்குத் தொறந்தே? யாரைக் கேட்டுத் தொறந்தே?"

ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்காட்ட கேட்டுட்டுத்தான் சார் எடுத்தேன். தப்புன்னா அக்கா சொல்லியிருக்க மாட்டாங்களா?"

குற்றம் சாட்டவில்லை, மனசார நம்பித்தான் சொன்னாள். பாவி, திட்டியிருந்தாலாவது பதிலுக்குத் திட்டியிருக்கலாம்!

அனந்தராமன் திரும்பினார். "ஏம்மா மங்கை, உனக்குத் தெரியுமா தெரியாதா?"

தெரியும் என்றால் கெட்டவள். தெரியாது என்றால் பத்து வருஷமும் போச்சு.

"எனக்கும் தெரியாது சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். ரோஸ்லின் வந்து மங்கையின் கையைப் பிடித்தாள்.

"விடுங்கக்கா. நாம ரெண்டு பேரும் சேந்து கத்துக்கிடலாம்."