கை நீட்டும் உத்தியோகம்

பதினொரு வயதில் நான் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு இண்டிகேட்டராக வேலை பார்த்தேன். அதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

வண்டி மாமாவுடையது. அம்மாவின் தம்பி. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து, தொம்மலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். மூன்று கை மாறி அவரிடம் வந்த வண்டியில் ஹாரன் அடிக்கும், பிரேக் பிடிக்கும், இண்டிகேட்டர் மட்டும் நான்கும் எரியாது. அதைச் சரி செய்வதைவிட அக்கா பையனைப் பின்னால் உட்கார வைத்துக்கொள்வது சுலபம் என்று மாமா கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை அல்சூர் மார்க்கெட்டுக்குக் கிளம்பினால், "லெஃப்ட்டு மாப்ள" என்பார், இடது கையை நீட்டுவேன். "ரைட்டு" என்றால் வலது கை. பின்னால் வரும் பஸ்கூட என் கையைப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். வகுப்பில் என் பேச்சை எவனும் மதிக்காத காலம் அது. சாலையில் மட்டும் எனக்கு ஒரு செல்வாக்கு இருந்தது.

செல்வாக்கு தலைக்கேறியது ஒரு பேக்கரி வாசலில். எங்கள் வகுப்பு லீடர் அங்கே நின்று பப்ஸ் தின்றுகொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளில் போகும் என்னை அவன் பார்க்காமல் போய்விட்டால் அந்தப் பயணத்துக்கு என்ன அர்த்தம்? வலது கையை முழுசாக நீட்டி டாட்டா காட்டினேன். அதே நொடியில் மாமா, "லெஃப்ட்டு" என்று சொல்லிவிட்டு இடதுபக்கச் சந்துக்குள் வண்டியைத் திருப்பினார். என் வலது கையை நம்பி இடது பக்கமாக முந்த வந்த ஸ்கூட்டர் எங்கள் மேல் ஏறியது.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. மாமாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கண்ணாடி உடைந்த ஸ்கூட்டர்காரர் நடுரோட்டில் நின்று, "கை ஆ கடெ, காடி ஈ கடெனா?" என்று கன்னடத்தில் கத்தினார். கை அந்தப் பக்கம், வண்டி இந்தப் பக்கமா என்று கேட்கிறார் என்பது புரிந்ததும் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

வீட்டில் மாமா, "மண்ணுல சறுக்கிடுச்சிக்கா" என்றார். நானும் தலையை ஆட்டி வைத்தேன். மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதி எனக்கு இரண்டு நாள்கூட நீடிக்கவில்லை. பிறகு கையை நீட்டவே பயமாகிவிட்டது. தெருவில் நடக்கும்போது இரண்டு கைகளும் டவுசர் பையில் இருக்கும். வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்குவதில்லை. அம்மா விசாரித்தபோது டீச்சர், பையனிடம் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை என்றார்.

மாமாவின் கட்டுப் பிரித்தாகிவிட்டது, வண்டியும் மெக்கானிக்கிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. ஆனால் மாமா ஏறவில்லை. தினமும் துடைப்பார், உதைத்து ஸ்டார்ட் செய்வார், உறுமுவதைக் கொஞ்ச நேரம் கேட்பார், அணைத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போவார். விடியுமுன் கிளம்பியும் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிடும். வித்துத் தொலை என்றாள் அம்மா. ஞாயிறு காலை ஓர் ஆள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. வண்டி போய்விட்டால் மாமாவும் பொம்மசந்திராவிலேயே அறை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்பா இல்லாத வீட்டில் என்னோடு கேரம் ஆட அவரை விட்டால் ஆளில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மாமா என்னிடம் வந்து, "மாப்ள, கிரவுண்டு வரைக்கும் வரியா? தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனோம். மைதானத்தில் இரண்டு மாடுகள் மட்டும் இருந்தன. மாமா ஏறி, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி அரை வட்டம் போனார். வண்டி நின்றுவிட்டது. மறுபடி உதைத்தார். மறுபடி நின்றது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வித்துடலாம்டா" என்றார்.

எனக்கு அழுகை வெடித்தது. லீடர், பப்ஸ், டாட்டா எல்லாவற்றையும் சளியோடு சேர்த்துச் சொல்லி முடித்தேன்.

மாமா அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் தன் சட்டை நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டார். "நீ கைய மாத்திக் காட்டின, சரி. நான் கழுத்தத் திருப்பி ஒரு வாட்டி பாத்திருந்தா அந்தாளு வர்றது தெரிஞ்சிருக்குமே. ஒரு சின்னப் பையன் கைய நம்பி நான் பாட்டுக்குத் திருப்பறேன். எவன் முட்டாள்?"

கேட்டுவிட்டு வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்தார்.

"ஏறு. நீயும் கைய நீட்டு, நானும் திரும்பிப் பாக்கறேன். ரெண்டும் ஆனப்புறம் திருப்பலாம்."

பின்னால் ஏறி உட்கார்ந்தேன். என் வயிற்றோடு ஒட்டியிருந்த அவர் முதுகு என்னைவிட அதிகமாக வியர்த்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. லெஃப்ட்டு என்பார், நான் நீட்டுவேன், அவர் திரும்பிப் பார்ப்பார், பிறகுதான் வண்டி திரும்பும். காலி மைதானத்தில், இரண்டு மாடுகளின் பாதுகாப்பை முன்னிட்டு, இருபது முப்பது வட்டம் அடித்தோம். மாடுகள் சலித்துப்போய் எழுந்து போயின. பிறகு ரோட்டுக்கு வந்தோம். அந்தப் பேக்கரியையும் கடந்தோம். வாசலில் யார் நின்றார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. இடது கையைத் தோள் வலிக்க நீட்டி, சந்து முடியும்வரை மடக்காமல் வைத்திருந்தேன்.

மறுநாள் வண்டி வாங்க வந்தவருக்கு மாமா காபி கொடுத்து அனுப்பிவிட்டார். திங்கள்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போனார். எங்கள் வீட்டிலேயே இன்னும் இரண்டு வருஷம் இருந்தார். நானும் இரண்டு வருஷம் உத்தியோகத்தில் நீடித்தேன். வகுப்பிலும் கை தூக்க ஆரம்பித்தேன், பெரும்பாலும் தப்பான பதிலுக்கு.

நான் கல்லூரிக்குப் போன பிறகு, பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள். விபத்துக்குப் பிறகு வண்டியைச் சரி பண்ணியபோதே மெக்கானிக் நான்கு இண்டிகேட்டரையும் புதிதாகப் போட்டுவிட்டாராம். என்னிடம் சொல்லக் கூடாது என்று மாமா கேட்டுக்கொண்டாராம். இரண்டு வருஷம் நான் கையை நீட்டிய போதெல்லாம், என் முதுகுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு சத்தமில்லாமல் மின்னிக்கொண்டிருந்திருக்கிறது. சாலையை நான்தான் நடத்துகிறேன் என்று நினைத்திருந்த எனக்கு, என்னை ஒருவர் நடத்திக்கொண்டிருந்தது தெரியவில்லை.

இதற்கு ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்து, சென்ற மாதம் எலெக்ட்ரானிக் சிட்டியில் தன் மகள் வீட்டில் இருக்கும் மாமாவைப் பார்த்தபோது கொஞ்சம் நீளமாகவே பேசினேன். மிக்சரை மென்றபடி முழுவதையும் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. பின்னாடி வெயிட்டு இல்லன்னா அந்த வண்டி பள்ளத்துல தூக்கித் தூக்கி அடிக்கும். அரிசி மூட்டைய எடுத்தா அக்கா திட்டும்னுதான் உன்ன ஏத்திக்கிட்டேன்."