உமிக்குள் விழுந்த பொங்கல்

இன்று காலை கீழ்வீட்டில் நெய் உருக்கினார்கள். திருப்பதியில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி அறைக்குச் சாம்பார் வாசனை தினமும் வரும், அதை நான் பொருட்படுத்துவதில்லை. நெய் வாசனை வந்தால் மட்டும் பல் துலக்குவதை நிறுத்திவிட்டு நின்றுவிடுவேன். உங்களுக்கு அது பண்டிகை வாசனையாக இருக்கும். எனக்குக் கோழிக் கொட்டகை ஞாபகம்தான் வரும்.

சித்தூர்ப் பக்கம் ஒரு தீவன ஆலையில் வேலை எனக்கு. கறிக்கோழிக்கு எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சுண்ணாம்புச் சத்து என்று முடிவு செய்பவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்து அலுத்துவிட்டது.

மேல்படிப்பில் என் ஆராய்ச்சியும் இதுதான். தீவனத்தில் எண்ணெய் சேர்த்தால் கோழி சீக்கிரம் எடை போடும். அளவு மிஞ்சினால் அந்தக் கொழுப்பு குடலில் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, சோப்பு மாதிரி ஆகி, எச்சத்தோடு வெளியே போய்விடும். உடம்பு பெருக்கும், கால் தாங்காது. அளவைக் கண்டுபிடிக்க, கல்லூரிக் கோழிக் கொட்டகையைக் கம்பி வலையால் தடுத்து, தடுப்புக்கு ஒரு தீவனம் வைத்திருந்தேன். எலும்பில் எவ்வளவு சத்து தங்கியது என்று பார்க்க, கடைசியில் கால் எலும்பை எரித்துச் சாம்பலை எடை போட வேண்டும். நடுவில் வேறு எதையாவது கொத்தினால் அந்தத் தடுப்பு வீண். வாசலில் நானே பலகை எழுதி மாட்டினேன், தெலுங்கிலும் ஆங்கிலத்திலும்: வெளித் தீவனம் போடக் கூடாது.

பொங்கலுக்கு விடுதி காலியானது. கோழிக்கு விடுமுறை ஏது? மெஸ்ஸும் மூடிவிட, பன்னும் வாழைப்பழமுமாக ஓட்டினேன். பேச ஆளில்லாமல் கோழிகளிடம் பேசினேன். எண்ணெய் சேர்க்காத தடுப்பில் இருந்தவை ஒல்லியாக, நான் சொல்வதைக் கவனிப்பவைபோல நிற்கும். எண்ணெய்க் கூட்டம் உட்கார்ந்தபடியே ஒரு கண்ணைத் திறந்து மூடும்.

மாட்டுப் பொங்கலன்று என் அப்பா, நைனா, வந்து நின்றார். புத்தூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து, எந்த பஸ் என்று கேட்டுக் கேட்டு ஏறி, தூக்குவாளியில் பொங்கலோடு.

"ஒண்டியா கீறியே, இன்னாத்த துன்னே?" என்றார். பிறகு பலகையைப் பார்த்தார். "உன் எழுத்தா இது?"

"ஆமா நைனா."

விரலால் தடவினார். "அழகா கீதுமா. அச்சடிச்சா மாரி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கை கழுவக் குழாயடிக்குப் போனேன்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு மாடு, நாய், காக்கை, கோழி என்று வாயுள்ள எல்லாவற்றுக்கும் வைத்த பிறகுதான் மனிதர்கள் சாப்பிடுவோம். நான் திரும்பியபோது நைனா எண்ணெய் சேர்க்காத தடுப்பின்மேல் குனிந்து, நெய் வடியும் பொங்கலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுங்கதான் எளச்சிக்கினு கீதுங்க. நல்ல நாளும் அதுவுமா துன்னட்டும்."

"நைனா" என்று மணிக்கட்டைப் பிடித்தேன். பலகையைப் படித்துக் காட்டினேன்.

அவர் தடுப்புக்குள் மண்டியிட்டு உமியிலிருந்து பருக்கைகளைப் பொறுக்கத் தொடங்கினார். நானும் பொறுக்கினேன். கோழிகள் எங்களை முந்தின.

"உன் படிப்பு பூடுமாம்மா?"

"ஒன்னும் ஆவாது நைனா."

அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். மிச்சப் பொங்கலைத் தனியாகச் சாப்பிட்டேன்.

யாரும் பார்க்கவில்லை, சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கோழிகளின் சாம்பலை எடை போட எனக்குக் கை வராது. வழிகாட்டி மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர், "போனீலேம்மா, போனால் போகட்டும், அதை விட்டுட்டு மிச்சத்தை எழுது" என்றார். படிப்பு எங்கும் போகவில்லை. அந்தக் கொட்டகையைத்தான் பிறகு இடித்துவிட்டார்கள்.

போன மாதம் நைனாவை ஆலைக்குக் கூட்டிப்போனேன். அவர் பார்க்க வேண்டும் என்றே என் அறைக் கதவில் என் பெயரை நானே எழுதி ஒட்டியிருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்.

"இன்னா போட்டுகீது, படி."

"என் பேரு நைனா."

"வேற ஒன்னும் போடலியே?"

இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் உள்ளே காலை வைத்தார். எழுத்தைத் தடவிப் பார்க்கவில்லை; கை பின்னாலேயே இருந்தது.