கடுப்பு வச்சிந்தி

திருப்பதியில் தனியார் ஆஸ்பத்திரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். அப்படி ஒன்றில், கேஷுவாலிட்டி நர்ஸாக எனக்கு முதல் நாள். டூட்டி டாக்டர் குண்டூர்க்காரர். தங்கமான மனிதர், ஆனால் தமிழ் ஒரு அட்சரம் வராது.

காலையில் கனகா என்ற ஒரு அக்காவை அவர் தம்பி ஆட்டோவில் அழைத்துவந்தார். ரேணிகுண்டாவில் புதிதாகத் திறந்த கம்பெனியில் வேலை கிடைத்து, தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த தெலுங்கில் மரியாதையாகச் சொன்னார்: "சார், கடுப்பு வச்சிந்தி."

வயிற்றுக் கடுப்பு வந்துவிட்டது என்றுதான் அவர் சொன்னார். தெலுங்கில் அதற்கு 'கர்ப்பமாகிவிட்டேன்' என்று பொருள்.

"என்னோ நெல?" என்றார் டாக்டர். எத்தனையாவது மாதம் என்று கேட்கிறார்.

"நெலமையா? ரொம்ப மோசம் சார்!"

உடனே லேபர் வார்டு! பக்கத்துக் கட்டிலில் ட்ரிப் ஏற்றிக்கொண்டிருந்த நான் நகரிக்காரி, இரண்டு பாஷையும் தெரியும். கையிலிருந்ததை முடித்துவிட்டு ட்ராலிக்குப் பின்னால் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா அந்த வலியிலும் சிரித்துவிட்டார்.

"நானே பேரன் எடுத்துட்டேன். எனக்குப் பிரசவமா!"

டாக்டரிடமும் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு வந்து, வயிற்றைப் பரிசோதித்தார். அப்பெண்டிக்ஸ், வெடிக்கிற நிலை. "தியேட்டர்கி தீஸ்கெள்ளண்டி!" என்று ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கத்தினார்.

அக்கா ட்ராலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க இட்டுக்கினு போறீங்க? இன்னா செய்யப் போறீங்க?"

"தம்முடிகி செப்பானு. டைம் லேது." தம்பியிடம் டாக்டர் சொல்லிவிட்டாராம், நேரமில்லையாம். தம்பியும் தலையாட்டியிருந்தார். அவருக்கும் ஒன்றும் புரிந்திருக்கவில்லை.

"அக்கா, பேசாம படு" என்றார் தம்பி.

"வயிறு யாருதுடா, உன்னுதா? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லட்டும். அப்பால ஊசி போடட்டும்."

ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் முறைத்தார். பிறகு ட்ராலியோடு நடந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

"குடல்ல ஒரு சின்ன வால் அழுகிப்போச்சாம்க்கா. அறுத்து எடுக்கணுமாம். வெடிச்சா உயிருக்கே ஆபத்தாம்."

"அறுத்தா பொழச்சிக்குவனா?"

"பொழச்சிக்குவீங்களாம். மயக்க மருந்துல கொஞ்சம் ரிஸ்க் இருக்குதுன்னும் சொல்றாரு."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வுடு, போலாம்." கம்பியிலிருந்து கையை எடுத்தார். அதற்குள் நாங்கள் தியேட்டர் வாசலுக்கே வந்துவிட்டிருந்தோம். அக்கா பிழைத்து, நடந்து வீட்டுக்குப் போனார்.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான். மயங்கிக் கிடப்பவரைக் கேட்க முடியாது, சரி. கண் திறந்திருப்பவரைக் கேட்காமல் தொடாதீர்கள். நேரமில்லை என்று யாராவது விரட்டினால், ட்ராலியைத் தள்ளிக்கொண்டே சொல்லுங்கள்.