கேசரி கொண்டுபோன தூதர்

சிதம்பரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் மெஸ் நடத்திக்கொண்டிருந்த காலம். சாப்பிட வரும் மாணவர்களில் ஒருவன் தெற்கு சூடான்காரன். வாசற்படியில் தினம் தலையை இடித்துக்கொள்ளும் உயரம். இரண்டு வருஷமாக என் சாம்பாரைச் சாப்பிட்டதில் தமிழும் ஓரளவு வந்திருந்தது.

2011 ஜூலையில் அவன் ஊர் தனி நாடானது. அன்று சாயங்காலம் டிவியில் கிரிக்கெட்டை மாற்றிவிட்டு நியூஸ் வைத்தேன். பையன்கள் முணுமுணுத்தார்கள். "சும்மா கெடங்கடா, ஒரு நாடு பொறந்திருக்கு, மேட்ச் கேக்குதா?" என்று ஒரு அதட்டல் போட்டேன். விழாவுக்கு இந்தியாவின் துணைக் குடியரசுத் தலைவரே போயிருக்கிறார் என்றான் அவன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "சீர் என்ன கொண்டு போனாராம்?" என்று கேட்டுவிட்டேன். சீர் என்றால் என்னவென்று அவனுக்கு விளக்குவதற்குள் அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது.

"அக்கா, எங்கள நாடுன்னு மொதல்ல ஒத்துக்கிட்டது யாரு, சொல்லுங்க."

"நாமதான்."

"இல்ல, சூடான்."

"எந்த சூடான்? நீங்க சண்ட போட்டுப் பிரிஞ்சீங்களே, அதுவா?"

"அதுதான். அவுங்க பிரசிடென்ட்டும் விழாவுக்கு வந்தாரு."

"மனசார வந்தாரா?"

"மனசு தெரியாது அக்கா. வந்தாரு."

அந்த "வந்தாரு" என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ஏனென்றால் என் மாமனார் வரவில்லை. கடலூர் முதுநகரில் அவருக்கு அரிசி மண்டி. ஒரே மகன் மண்டியில் உட்காராமல் ஆபீஸ் வேலை தேடிக்கொண்டு சிதம்பரத்துக்குத் தனிக்குடித்தனம் வந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. "எனக்குப் புள்ளையே இல்லன்னு நெனச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் பால் காய்ச்சிய அன்று என் கணவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினால், முதுநகரில் மண்டி தெரிகிற பக்கத்து ஜன்னலோரம்தான் அவருக்கு வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமனார் ஒரே ஒரு தடவை வந்து எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் போதாதா?

திங்கட்கிழமை காலையில் அவன் நாட்டுக்காகக் கேசரி கிண்டினேன். அவன் கையில் இருந்ததோ பழைய சூடான் பாஸ்போர்ட். இனி என்ன செய்வது என்று விசாரிக்க, வெளிநாட்டு மாணவர்கள் பதிவு செய்யும் கடலூர் போலீஸ் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றான். சட்டென்று எனக்கு ஒரு யோசனை. என் பெயர் வெட்டிய தூக்குச்சட்டியில் கேசரியை நிரப்பி அவன் கையில் கொடுத்தேன்.

"வழியில முதுநகர் மண்டியில குடுத்துடு. எங்க நாடு பொறந்திருக்கு, சிதம்பரத்து அக்கா குடுத்து வுட்டாங்கன்னு சொல்லு."

எங்கள் ஊர்ப் பக்கம், வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்கள். நாலு முருங்கைக்காயோ, ஒரு பிடி சர்க்கரையோ, ஏதாவது போட்டுத்தான் தருவார்கள். வெறும் சட்டி வந்தால் அந்த உறவு அவ்வளவுதான். கணவரிடம் நான் மூச்சு விடவில்லை.

சாயங்காலம் பையன் கையை வீசிக்கொண்டு வந்து நின்றான்.

"சட்டி எங்கடா?"

"வாங்கி உள்ள வெச்சுட்டாரு. தரல."

"என்னா சொன்னாரு?"

"டீ வாங்கிக் குடுத்தாரு. சண்டையில ரொம்பப் பேரு செத்தாங்களான்னு கேட்டாரு. பழைய நாட்டுக்காரங்க விழாவுக்கு வந்தாங்களான்னு கேட்டாரு. வந்தாங்கன்னு சொன்னேன். அப்புறம் கணக்கு நோட்ட எடுத்துப் பொரட்ட ஆரம்பிச்சுட்டாரு."

அட கடவுளே, வெறும் சட்டிகூடத் திரும்பி வரவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாமனார். கையில் என் தூக்குச்சட்டி, மூடி மூடாத அளவுக்குப் பண்ருட்டிப் பலாச்சுளை. அவர் எந்த வீட்டுக்குள்ளும் கேட்டுக்கொண்டு நுழைந்து நான் பார்த்ததில்லை. முதுநகரில் அவரோடு இருந்தபோது எங்கள் அறைக் கதவைக்கூடத் தட்ட மாட்டார். அந்த மனுஷர் படிக்கு வெளியிலேயே நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டார்.

என் கணவர் கட்டிய லுங்கியோடு உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"என்னாப்பா இது, உள்ள வர்றதுக்குப் போயி கேட்டுக்கிட்டு?"

"உன் வூடுடா இது. கேட்டுட்டுத்தான வரணும்," என்றார் மாமனார்.