உச்சி நேரத்து லேத்

இது நடந்தது. 'கரண்ட் வந்திருக்கும், அவன் கவனித்திருக்க மாட்டான்' என்று சொல்லப்போகிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். கரண்ட் வரவில்லை. சண்முகவேலை எனக்கு நன்றாகத் தெரியும். கதை கட்டுவதற்கு அவனுக்குச் சாமர்த்தியம் பத்தாது.

1993, பங்குனி மாதம். அருப்புக்கோட்டையில் அவன் வேலை பார்த்த, இரும்பு கடைகிற லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். தறி செட் முதலாளி மாதவன்தான் ஒரு வழி சொன்னார். "சொந்தமா ஒரு லேத்தைப் போடுப்பா. என் தறித் தண்டுக்கு மாட்டுற இரும்பு வளையம், அந்த புஷ்ஷெல்லாம் உனக்குத்தான். ஆனா சொன்ன தேதிக்கு வந்துரணும்." அதை விட்டால் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். மனைவி ஈஸ்வரிதான் காசுக்கு வழி செய்தாள். தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் காசுக்கு எங்கேயும் லேத் படியவில்லை. விருதுநகரில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள். கடைசியில் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில், ராமசுப்பு என்பவருடைய சின்ன லேத் கிடைத்தது. பக்கவாதம் வந்து மூன்று வருசமாகக் கட்டிலோடு கிடக்கிறார் மனுசன். விலை பேசி விற்றது அவர் மனைவி சங்கரம்மாள்.

லேத்தை வேனில் ஏற்றிக் கட்டியாயிற்று. அப்போதுதான் அந்தம்மாள் சொன்னாள்.

"தம்பி, ஓட்டுன ஆளு தொட்டுக் குடுத்தாத்தான் மிசினு கை மாறும். அவுக உள்ளதான் படுத்திருக்காக. கையைத் தொட்டு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க."

பட்டறைக்காரர்களிடம் உள்ள வழக்கம்தான். அவனுக்குத் தெரியாததில்லை. ஆனால் பெரியவர் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டால்? வேறு லேத்துக்கு எங்கே போய் முட்டுவது?

"வண்டிக்காரரு சத்தம் போடுறாரு அக்கா. பெறகு வாரேன்."

வண்டிக்காரர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மாதவன் முதலில் கேட்டது நாற்பது புஷ். சனிக்கிழமைக்குள் வேண்டும். அவன் லேத்தைப் போட்டிருந்த தகரச் செட்டிலோ தினமும் உச்சிப் பொழுதில் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். மற்ற நேரத்தில் வந்தாலும் மோட்டார் முக்கி முனகும். திங்கள் மூன்று, செவ்வாய் நாலு... இப்படிப் போனால் உருப்பட்ட மாதிரிதான். ராத்திரி ஈஸ்வரியின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

புதன்கிழமை உச்சியில் கரண்ட் போனதும் லேத்தைத் துடைத்து, செட்டைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்து கதவைத் திறந்தால், லேத்தின் அடித்தட்டில், கடையும்போது உதிர்கிற இரும்புச் சுருள் புதிதாகக் கிடக்கிறது. தொட்டான்.

சுட்டது.

பக்கத்தில் கடைந்து முடித்த புஷ்கள் ஏழு. அவை அவன் கடைந்தவை அல்ல. ஒவ்வொன்றும் அளவு பிசகாமல் இருந்தது.

வியாழக்கிழமை மெயின் சுவிட்சைத் தன் கையாலேயே இறக்கினான். பூட்டிவிட்டு வெளியே நின்றான். அனல் காற்று. ஆள் நடமாட்டம் இல்லை. பன்னிரண்டு பத்துக்கு...

கிர்ர்ர்... கிர்ர்ர்ர்...

கதவு இடுக்கில் கண்ணை வைத்தான். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக் சுற்றிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சக்கரம் தானாக நகர்ந்தது. கொஞ்சம் நின்றது... வேர்வையைத் துடைக்க ஒரு ஆள் நிறுத்துகிற மாதிரி. மறுபடி நகர்ந்தது.

அங்கே யாரும் இல்லை.

ஓடியிருக்க வேண்டும்தானே? அவன் ஓடவில்லை. அங்கேயே குத்தவைத்து அழுதான். பயத்தில் பாதி, சனிக்கிழமையை நினைத்துப் பாதி. வெள்ளிக்கிழமை அவனே கடைய வேண்டிய இரும்புத் துண்டுகளை லேத்துக்குப் பக்கத்தில் அடுக்கினான். எண்ணெய் விட்டான்.

"யாரா இருந்தாலும் சரி... முடிச்சுக் குடுத்துருங்க" என்று கும்பிட்டுவிட்டுப் பூட்டினான்.

சனிக்கிழமை நாற்பதும் போய்ச் சேர்ந்தது. மாதவன் ஒரு புஷ்ஷை உருட்டி உருட்டிப் பார்த்தார். "சுத்தமான வேலைப்பா. அடுத்த சனிக்கு நூறு குடு" என்றார்.

பெரியவரிடம் தொட்டு வாங்காதது உறுத்த, மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராமசுப்பு வீட்டுக்குப் போனான். சங்கரம்மாள் அவனைக் கட்டிலுக்கு அழைத்துப் போய், கணவரின் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கை முழுக்க வெட்டு. சதைக்குள் இரும்புச் சுருள் குத்தி நின்றது.

"மூணு வருசமா ஒரு விரல் அசையல தம்பி. மிசினு போன அந்த வாரத்துல இருந்து உச்சிக்கு ரெண்டு கையும் சுத்துது. இரும்பு எங்கிட்டு இருந்து வருதுன்னே தெரியல. கஞ்சித்தண்ணி இறங்கல. தொட்டு வாங்கிக்கங்க. அவுகளை விட்டுருங்க."

பெரியவர் அவனையே பார்த்தார். கண்ணோரம் நீர் வழிந்தது.

சண்முகவேல் கையை நீட்டினான்... நூறு புஷ்.

கையை இழுத்துக்கொண்டான்.

"இந்த ஒரு ஆர்டர் மட்டும் ஐயா" என்றான். நிமிர்ந்து பார்க்காமல் வெளியேறினான்.

அந்த வாரம் உச்சிக்கு உச்சி, ஏழு போய்ப் பதினைந்தாக, வேலை நடந்தது. அந்த நேரத்தில் அவன் செட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். வெள்ளிக்கிழமையோடு நூறும் முடிந்தது.

சனிக்கிழமை சரக்கைக் கொடுத்த கையோடு திருச்சுழி பஸ்ஸுக்கு நின்றான். அன்றைக்கே தொட்டு வாங்கிவிடுவது என்ற முடிவு. பெரியவரின் ஊர்க்காரர் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார்.

"ராமசுப்புவா? அவுக செவ்வாக்கிழமை காலையிலயே போய்ட்டாகளேப்பா."

செவ்வாய்.

அன்று உச்சி, புதன், வியாழன், வெள்ளி... நாலு நாளும் புஷ் வந்திருந்தது.

எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. ஈஸ்வரி அவன் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தாள். ஊக்கு முனையால் உள்ளங்கையைக் கிளறினாள். ஒரு சின்ன இரும்புச் சுருள் வெளியே வந்தது.

"நானும் செவ்வாக்கிழமையில இருந்து பாக்குறேன்... உச்சியில படுத்தா ரெண்டு கையையும் சுத்திக்கிட்டே கெடக்கீக. எழுப்புனாலும் முழிக்க மாட்டேங்கிறீக."