வெடிக்காரரின் இலவம்பஞ்சு

போடியிலிருந்து மேட்டுக்கு மலைப்பாதை வெட்டிய நாட்களில், ஏலத்தோட்டத்துக்குப் போகும் வழியில் அந்த வெடிக்காரரைப் பார்த்தேன். பாறையில் மருந்து கெட்டித்துத் திரிக்கு நெருப்பு வைப்பது அவர் வேலை. புருவம் கருகியிருந்தது. மடியில் இலவம்பஞ்சு முடிந்திருந்தார். வெடிச் சத்தத்திலேயே இரண்டு காதும் போய்விட்டதாம்.

அன்று திரி போட்டதும் எல்லோருக்கும் பஞ்சு கொடுத்தார். ஆட்கள் சிரித்தார்களே தவிர, ஒருவரும் காதில் வைக்கவில்லை. அவர் தீக்கயிற்றோடு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"வெரசா பத்த வையி. இல்லேன்னா நாளைக்குச் சோலிக்கு வராத," என்று மேஸ்திரி கத்தினார்.

"நல்லாக் கத்துங்கண்ணே, எனக்குக் கேக்கவா போகுது? எல்லாரும் காதை அடைக்காம நான் நெருப்பு வைக்க மாட்டேன்."

வெயில் ஏறியது. அவர் அசையவில்லை. கடைசியில் மேஸ்திரியே முணுமுணுத்துக்கொண்டு பஞ்சை வைத்தார். ஆட்களும் வைத்தார்கள், நானும் வைத்தேன். அவர் ஒவ்வொரு காதாகப் பார்த்துவிட்டு, தம் காதிலும் பஞ்சைத் திணித்துக்கொண்டு நெருப்பு வைத்தார்.

பாறை பிளந்தபின் அவர் காதைச் சுட்டிக்காட்டி, உமக்கு எதற்கு என்று சைகையில் கேட்டேன்.

"எம் பிள்ளை அழுகுறதுகூட எனக்குக் கேக்காது அப்பு. ஆனா நான் வைக்கலேன்னா நாளைக்கு இவனுகளும் வைக்க மாட்டானுக."

நான் முருகனிடம் தினமும் என் வீட்டுக்கு வேண்டியதை மட்டுமே கேட்டு வந்தவன். தமக்கு ஒரு பயனும் இல்லாத பஞ்சை வைத்துக்கொள்ள அந்த மனிதருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.